ஊருக்குச் சொன்ன வியாதி

செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் இரண்டு பெண்கள். காலடியில் காலி அன்னக்கூடைகள். காதைத் திருப்பிக்கொள்ளும் நாகரிகம் எனக்குக் கிடையாது.

“எங்க வூட்டுக்காரருக்கு சுகரே கெடையாதுக்கா” என்றாள் இளையவள்.

“இன்னாடி சொல்ற? மாத்திரை முழுங்கிகினு கீறாரே.”

“அது மனசு சரியில்லாததுக்கு. படகுல ஏற மாட்டேன்னு செவுத்தையே பாத்துகினு குந்தியிருந்தாரு இல்ல, அப்போ டாக்டரு குடுத்தது. பைத்தியம்னு பேராயிட்டா எம்பொண்ண எவன் கட்டுவான்? அதான் சுகருன்னு சொல்லி வச்சேன்.”

“நல்லதாப் போச்சு, வுடு.”

“இன்னா நல்லது? டீக்கடையில அவருக்கு சக்கரை போட மாட்டேன்றான். கல்யாண வூட்டுல எலையில வச்ச கேசரிய உன் கொழுந்தனாரு வழிச்சி எடுத்துகினு பூட்டாரு. மாத்திரையில தெளிஞ்சி கடலுக்குப் போய்கினு இருந்த மனுசன், இப்போ கேசரிய நெனச்சி மறுபடியும் செவுத்தப் பாக்குறாரு.”

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது மூத்தவள் ஜன்னல் வழியாகக் கடலைமிட்டாய் வாங்கினாள். ஒன்றை இளையவளுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தானே கடித்தாள்.

“அக்கா, உனக்கு சுகராச்சே.”

“உன் வூட்டுக்காரருக்குக் கீற அதே சுகருதான்டி. ஊருக்குள்ள எவன் என்னைத் தின்ன வுடுறான்? அதான் பஸ்ஸுல.”