நாவல்காட்டுக்கு ஏழு நாள்

அதியமான்கோட்டையில் மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. ஹைவேயில் ஓடும் லாரிச் சத்தம் பழகிவிட்டால் வேறு எந்தச் சத்தமும் காதில் ஏறாது. செவ்வாய்க்கிழமை நீங்கள் படியேறி வந்ததும் எனக்குக் கேட்கவில்லை, ரோசம்மாள் சிஸ்டர். திரும்பிப் பார்த்தால் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கிறீர்கள்.

"கதிரு, அன்னிக்கு மணி ஏன் அடிக்கல? அத மட்டும் சொல்லுப்பா" என்று கேட்டீர்கள். எங்கள் ஆபீஸ் சசிகலாவின் கைத்தவறு என்று எல்லாரிடமும் சொன்ன பதிலையே உங்களிடமும் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. டீயைக் குடிக்காமலே இறங்கிப் போனீர்கள். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

உங்கள் டிரஸ்ட்டுக்காக எங்கள் ஆபீஸில் செய்து கொடுத்த புரோகிராமின் வேலை உங்களுக்கே தெரியும். கர்ப்பிணிகளின் பெயரையும் ஊரையும் பிரசவத் தேதியையும் உங்கள் ஆட்கள் பதிவு செய்வார்கள். தேதிக்கு ஏழு நாள் முன்னால் உங்கள் போனிலும் ஜீப் டிரைவர் போனிலும் மணி அடிக்கும். நீங்கள் போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் வீட்டில் தங்க வைப்பீர்கள். கீழே இருக்கும் ஊர்களுக்கு ஏழு நாள் போதும். வத்தல்மலைமேல் நீங்கள் பார்த்துக்கொள்ளும் பதினோரு ஊர்களுக்குத்தான் கணக்கு வேறு.

அந்தப் பதினொன்றையும் எழுதியவள் சசிகலா. காலேஜ் முடித்து வந்த முதல் வருஷம் எழுதியது. கீழே இருக்கும் ஊர்களுக்கு எழுதியதை அப்படியே பதினோரு முறை நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வரி மாற்றியிருந்தாள். ஒரு ஊருக்குப் பத்து நாள், ஒரு ஊருக்குப் பதினைந்து. எங்கள் தொழிலில் இது பெரிய குற்றம். ஒரே விஷயத்தைப் பல இடத்தில் எழுதி வைத்தால், நாளைக்கு ஒன்றைத் திருத்தும்போது மற்றதை மறந்துவிடுவோம். பெங்களூரில் பத்து வருஷம் நான் செய்த வேலையே இப்படிப்பட்ட நகல்களைத் தேடிப் பிடித்து ஒன்றாக்குவதுதான். நன்றாகவே செய்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் ஆபீஸை நடத்தும் குரு, இந்த வேலைக்காகவே என்னைச் சேர்த்துக்கொண்டார்.

போன ஆகஸ்டில் சேலத்திலிருந்து ஒரு பெரிய அமைப்பு இந்தப் புரோகிராமைக் கேட்டது. வாங்குவதற்கு முன் உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். நகலைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. ஓடவிட்டேன். நூற்றுக்கு நாற்பத்தொரு பங்கு நகல் என்று வந்தது. அந்தப் பதினொன்றையும் ஒன்றாக்க வேண்டும் என்று மீட்டிங்கில் சொன்னேன்.

சசிகலா மறுத்தாள். மரியாதையாகத்தான் மறுத்தாள். "அதெல்லாம் ஒண்ணாட்டம் தெரியும்ண்ணா, ஒண்ணு கெடையாது. ஒவ்வொரு ஊருக்கும் ஏறிப் போயி கேட்டு எழுதனது. நீங்க ஒரு தடவ மேல வந்து பாருங்க" என்றாள். நான் மலை ஏறியதில்லை என்பது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். குரு சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அதை நான் ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

செப்டம்பரில் அவள் அக்காவின் கல்யாணத்துக்குப் பென்னாகரம் போனாள். ஒரு வாரம் லீவு. அந்த வாரத்தில் நான் வேலையை முடித்தேன். பதினொன்றை எடுத்துவிட்டு ஒரே ஒரு கணக்கு வைத்தேன். பக்கத்தில் ஒரு பட்டியல்: ஊர் பெயர், எத்தனை நாள் முன்னால் மணி. அவள் எழுதியிருந்த எண்களையே போட்டேன். எழுநூறு வரி அறுபது வரியானது. அதைப் படித்துப் பார்த்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. நாவல்காடு மட்டும் பட்டியலுக்குள் அடங்கவில்லை. மற்ற ஊர்களுக்கு ஒரு எண் போதும். நாவல்காட்டுக்கு மட்டும் சாதாரண மாசங்களில் ஏழு, மழை மாசங்களில் முப்பது என்று இரண்டு எண். 'மழை மாசமா, இல்லையா' என்று இப்படிக் கணக்கு பிரியும் கிளைகள் எத்தனை என்றும் அந்தக் கருவி எண்ணும். பத்து வரைக்கும் பச்சை. எனக்குப் பதினொன்று வந்தது. மழைக் கணக்கை எடுத்தேன். பத்தானது.

ஏன் முப்பது என்பதை நான் படித்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். படித்தேன். அந்த வரிக்கு மேலேயே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதி வைத்திருந்தாள். 'ஐப்பசி கார்த்திகையில் ஓடையைத் தாண்ட முடியாது. தண்ணி வடிய நாலஞ்சு நாள் ஆகும். சென்னம்மாள் சொன்னது. இதை மாற்றக் கூடாது.' அந்தக் குறிப்பையும் எடுத்தேன். கணக்கு இல்லாத இடத்தில் குறிப்பு மட்டும் இருந்தால் படிப்பவர்கள் குழம்புவார்கள்.

அவள் நாலு டெஸ்டும் எழுதியிருந்தாள். டெஸ்ட் என்றால், கணக்கு சரியாக வருகிறதா என்று புரோகிராமே தன்னைச் சோதித்துக்கொள்வது. சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. நாவல்காட்டின் நாலும் சிவப்பாக வந்தன. நாலையும் எடுத்தேன். எல்லாம் பச்சையானது.

லீவு முடிந்து வந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி. "மலையூரு நாளுங்க எல்லாம் அப்படியே இருக்குதாண்ணா?" அப்படியே இருக்கிறது என்றேன். சரிங்கண்ணா என்று கல்யாணத்து லட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் திறந்து பார்க்கவில்லை. மூத்தவர்கள் சொன்னால் நம்பும் பெண். சேலத்து ஆட்கள் வந்து பார்த்து, இவ்வளவு சுத்தமான வேலையை இந்தப் பக்கம் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கவிப்பிரியாவின் பெயரை நான் நவம்பர் ஒன்றாம் தேதியே பார்த்தேன். வயது இருபத்திரண்டு, தலைப்பிரசவம், ஊர் நாவல்காடு, கணவன் காளியப்பன். பிரசவத் தேதி டிசம்பர் ஒன்று. போட்டோவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பழைய கணக்குப்படி அன்றைக்கே உங்களுக்கு மணி அடித்திருக்க வேண்டும். என் கணக்குப்படி இருபத்துநாலாம் தேதிதான். நீங்கள் முன்னெல்லாம் எல்லாரையும் நோட்டில் எழுதி வைப்பீர்கள் என்றும், மணி வந்த பிறகு நோட்டை நிறுத்திவிட்டீர்கள் என்றும் சசிகலா சொல்லியிருக்கிறாள். அது உங்கள் தப்பு இல்லை.

தினமும் காலை பத்து மணிக்கு அந்தப் பெயரைப் பார்ப்பேன். பக்கத்திலேயே 'இப்போதே அனுப்பு' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் மணி அடிக்கும். பத்தொன்பதாம் தேதி மழை பிடித்தது. மறுநாள் மாவட்டம் முழுக்க ஸ்கூல் லீவு. இருபத்தொன்றாம் தேதியும் பட்டியலைத் திறந்தேன். பெயரைப் பார்த்தேன். மூடினேன்.

அவளுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் நினைத்தது வேறு. இருபத்துநாலாம் தேதி மணி அடிக்கும், ஜீப் போகும், அவள் நல்லபடியாக இறங்கி வருவாள். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது எல்லார் முன்னாலும் சசிகலாவிடம் சொல்வேன்: பார்த்தியாம்மா, நாவல்காட்டுக்கும் ஏழு நாள் போதும். இந்த வாக்கியத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன். சத்தமாகச் சொல்லக் கூடாது, சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. மாமியார் சென்னம்மாள் உங்களுக்குப் போன் செய்தார். அதற்குப் பிறகு நடந்தது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஓடைக்கு இந்தப் பக்கம் நீங்களும் ஜீப்பும். அந்தப் பக்கம் புடவையில் தூளி கட்டி அவளைத் தூக்கிவந்த நாலு பேர். நடுவில் தண்ணி. என்ன செய்ய வேண்டும் என்று இங்கிருந்தே கத்திக்கத்தி உங்களுக்குக் குரல் போய்விட்டதாம். தண்ணிச் சத்தத்தில் ஒன்றும் அவர்களுக்குக் கேட்கவில்லையாம். இருட்டுவதற்குள் தாயும் போனாள், பிள்ளையும் போனது. பெண் பிள்ளை என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை குரு போன் செய்து விவரம் சொல்லி, மணி ஏன் அடிக்கவில்லை என்று பார்க்கச் சொன்னார். நான் பதற்றப்படவில்லை. பட்டியலில் நாவல்காட்டுக்கு மழைக் கணக்கைத் திரும்பச் சேர்த்தேன். முப்பது என்று போடாமல் மூன்று என்று போட்டேன். பிறகு செப்டம்பரில் எடுத்து ஓரமாகப் போட்டிருந்த சசிகலாவின் பழைய ஃபைலைத் திறந்து அங்கேயும் பூஜ்யத்தை எடுத்தேன். அவளுடைய நாலு டெஸ்டையும் பழையபடி வைத்து அவற்றிலும் எடுத்தேன். ஒரே விஷயம் பல இடத்தில் இருந்தால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டியிருக்கும் என்று இதனால்தான் சொல்கிறோம். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிவுகள், செப்டம்பரில் நான் எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றியபோதே போய்விட்டன. ஜூனில் குரு சொன்னார் என்று அவளே அந்த வரியை ஒருமுறை தொட்டிருந்தாள். அப்போது கை தவறியிருக்கும் என்று அவளே நம்புவாள். அது எனக்கு உதவியாக இருந்தது.

பதினொன்றரைக்கு அவள் வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். உட்காராமலே பழைய ஃபைலைத் திறந்தாள். அந்த வரியைத் தேடிப் பிடித்தாள். தன் கண்ணை நம்பாமல் விரலைத் திரையில் வைத்துப் பார்த்தாள்.

"நான் எழுதனதுதாண்ணா" என்றாள். "சைபர உட்டுட்டேன்."

யாருக்கும் நடக்கும்மா என்றேன். தோளில் தட்டிக் கொடுத்தேன். கேன்டீனிலிருந்து டீ வாங்கிவரச் சொல்லி, ஆறும்வரை ஆற்றி, என் கையாலேயே கொடுத்தேன். குரு கோபமாகப் பேசியபோது, சின்னப் பொண்ணு, திட்டாதீங்க என்று நான்தான் குறுக்கே போனேன். அவள் அன்றைக்கே வேலையை விட்டாள். போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நீங்க அப்பவே ஒண்ணாக்கலாம்னு சொன்னீங்க, நான்தான் கேக்கல என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் நாவல்காட்டுக்கு ஏறிப் போனதை நீங்கள்தான் செவ்வாய்க்கிழமை சொன்னீர்கள். காளியப்பன் முன்னால் நின்று, தான்தான் அந்த எண்ணைத் தப்பாக எழுதியது என்று சொன்னாளாம். அவன், "எழுதறப்ப உட்டுப்போறதுதான் கண்ணு. நீ வூட்டுக்குப் போ, மழ வருது" என்றானாம். இதைச் சொல்லும்போது நீங்கள் அழுதீர்கள். நான் டீயில் ஈ விழாமல் தட்டை எடுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, சிஸ்டர், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். மணி அடிக்காமல் செய்தவன் நான். தெரிந்தே செய்தேன். இருபத்தொரு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை இன்னொரு பெண்ணின் கையெழுத்தாக மாற்றி வைத்தேன். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டுங்கள். போலீஸ் வந்தாலும் இதையே சொல்வேன்.

சசிகலாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்போது உங்களோடு மலையேறி ஒவ்வொரு வீட்டிலும் தேதியைக் கேட்டு நோட்டில் எழுதுகிறாள், இரண்டு தோசை கூடச் சாப்பிடுகிறாள் என்று சொன்னீர்கள். பாவம், இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறாள். அவள் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன்.