மணி அடிக்காத மதியம்

சாயாவில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் கொச்சி மட்டாஞ்சேரியில், பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியின் சர்வரில் ஓடும் ஜாவா மென்பொருளை இங்கிருந்தே கவனிப்போம். அவர்களுடைய ரத்த வங்கி முழுவதும் அதில்தான். மெமரி நிரம்பி எண்பது சதவீதத்தைத் தாண்டினால் எங்கள் ஆபீஸில் மணி அடிக்கும். உடனே மென்பொருளை நிறுத்தி மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

என் தங்கை ஸுப்ரியாவை அந்த ஆபீஸில் சேர்த்ததும் வேலை பழக்கியதும் நான்தான். "திரையையே பாத்துண்டு உக்காராதே. மணி அடிச்சா பாத்தாப் போறும்" என்பேன். அப்பா போன பிறகு அவளுக்கு எல்லாமே நான்.

பக்கத்து மேஜை ஜிதினைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். வைப்பின் தீவுக்காரன், எங்களவன் இல்லை. நான் கத்தவில்லை. பாலக்காட்டில் நல்ல வரன் பார்த்திருப்பதை எடுத்துச் சொன்னேன்.

"நீ சம்மதிக்கலேன்னாலும் எனக்கு வேலை இருக்கே, அண்ணா" என்று சிரித்தாள்.

அவள் சொன்னது நியாயம். ஆகவே வேலையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அவளுடைய முறை நாளில் மணி அடிக்கும் அளவை எண்பதிலிருந்து நூறாக மாற்றி வைத்தேன். மென்பொருள் சற்று முடங்கும், பழி அவள் மேல் விழும், வீட்டோடு இருப்பாள். அவ்வளவுதான் நினைத்தேன்.

மதியம் எழுந்தாள். "ஜிதினோட கீழ போய் ஒரு சாயா குடிச்சிட்டு வரேன். மணி அடிச்சா விளிப்பியா?"

"அடிச்சா விளிக்கறேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். மணி அடிக்கவில்லை.

திரையில் மெமரிக் கோடு மெல்ல ஏறி உச்சியில் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் வேண்டும், பொருந்தும் பை எது என்று கணினி காட்டவில்லை என்றார்கள். மென்பொருளை நான் அப்போதே மறுபடி தொடங்கியிருக்கலாம். பொறுப்பாளர் சாயா குடிக்கப் போயிருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை.

அந்தப் பெண் பிழைக்கவில்லை. ஸுப்ரியாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். நூறாக மாற்றியது என் கணினியிலிருந்துதான் என்று பிறகு ஜிதின் கண்டுபிடித்தான். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவே இல்லை.

ஆமாம் சார், செய்தது நான்தான். ஆனால் தங்கைக்கு ஒரு குறையும் வரவில்லை. நேற்று நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வரும்வரை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில்தான் இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் பதில் இல்லை. அழுகைகூடக் கேட்கவில்லை. ஏதாவது சரியில்லை என்றால் சத்தம் வந்திருக்குமே.