கால்நடை அலமாரியில் ஓர் இதழ்

நல்ல பசை போட்டு ஒட்டிய லேபிள் நகத்துக்கு மசியாது. டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் படிக்கட்டில் கேட்டபோது, 'கால்நடை மருத்துவம்' என்ற லேபிளைப் பாதிதான் சுரண்டியிருந்தேன். எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ஒட்டவேண்டிய 'குழந்தை மருத்துவம்' என் கட்டைவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்தில்தான் அவர் என்னைப் பிடித்தார்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள், விசாரணை அதிகாரி ஐயா. பல்கலைக்கழக நூலகத்துக்கு வரும் ஒவ்வோர் இதழும் எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்பவன் நான். நான் சொல்லும் பாடத்தின் அலமாரிக்கு அது போகும். அந்தத் துறைக்காரர்களுக்கு மட்டும் உள்ளடக்கப் பக்கத்தின் நகல் போகும். கணினியும் நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். பாடம் மாறிய இதழ் கிணற்றில் போட்ட கல்.

என் தம்பி பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் டாக்டர். அப்பா போனபின் அவனைப் படிக்கவைத்தது நான். குழந்தைகளின் காய்ச்சலுக்கு அவன் ஆய்வு செய்து, நல்லது என்று சான்று சொன்ன சிரப்பை ஆஸ்பத்திரி முழுக்கக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் அவனுக்குத் துறைத் தலைவர் பதவி வரவிருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு புது இதழ் வந்தது. அதே சிரப் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று உள்ளே ஒரு கட்டுரை. முதலில் ஆட்டுக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆகவே கால்நடை மருத்துவம் என்று போட்டேன். யாராவது கேட்டால் சொல்வதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பதவிக்கான நேர்காணல் முடிந்ததும் மாற்றிவிடலாம் என்றிருந்தேன். தம்பிக்கு இது எதுவும் தெரியாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் வார்டைப் பார்ப்பவர்தான் அந்த டாக்டரம்மா. ஒருநாள் மதியம் சாப்பிடாமல்கூட ஓடிவந்தார்.

"சார், இந்தக் காய்ச்சல் சிரப் பத்தி புதுசா ஏதாவது வந்திருக்கா? வார்டுல பிள்ளைங்களுக்கு மூத்திரமே போகல. எனக்கு அதுமேலதான் சந்தேகம்."

"குழந்தை மருத்துவத்துல ஒண்ணும் வரலையே, டாக்டர்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"என் கையைத் தாண்டித்தானே எதுவும் உள்ள வரணும்?"

"அதான் உங்ககிட்ட ஓடிவந்தேன். உங்க கண்ணுக்குத் தப்பி இங்க ஒரு கொசு பறந்துடுமா?"

சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவரால் சிரப்பை நிறுத்தவும் முடியவில்லை. நான் சொன்னதில் பொய் கிடையாது. குழந்தை மருத்துவத்தில் நிஜமாகவே ஒன்றும் வரவில்லை.

நேர்காணல் தள்ளிப்போனது. என் மேஜையிலிருந்து பார்த்தால் வார்டு வாசல் தெரியும். தாய்மார்கள் வெளியே வந்து தரையில் உட்காருவார்கள். சிலரை யாராவது தூக்கித்தான் நிறுத்தவேண்டியிருந்தது. நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அழுகையைத் திருப்பிப் போட முடியவில்லை.

கடைசியில் கால்நடைத் துறைக்காரர் ஒருவர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். அது என் காதுக்கு எட்டியதும்தான் லேபிளைச் சுரண்ட ஆரம்பித்தேன். டாக்டரம்மா படியேறி வந்த கதையைத்தான் முதலிலேயே சொன்னேனே.

'தெரியாமல் நேர்ந்த பிழை' என்று எழுதலாமா என்றீர்கள். எழுதுங்கள். நான் டாக்டர் இல்லை. மருந்து, சிறுநீரகம் எல்லாம் எனக்கு எங்கே புரியப்போகிறது? இதழ்களைப் பிரித்து வைப்பவன், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கவில்லை. அந்த வார்டில் கடைசியாகச் சேர்ந்து, இன்னும் கண் திறக்காமல் கிடப்பது என் தம்பியின் பையன். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றாகத்தான் காய்ச்சல் வந்தது. தம்பி சிரப் கொண்டுவந்தான். "இந்தாண்ணா, உன் பொண்ணுக்கும் ஒண்ணு" என்று ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தான். அப்புறம் பையனை மடியில் போட்டு, கொஞ்சிக் கொஞ்சி ஊட்டினான். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகளின் பாட்டிலை அதற்குள் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு வந்திருந்தேன்.