அந்தோணியின் பரோல் மனு பற்றி மகள் எழுதிக் கொடுத்தது

பெயர்: அ. வெரோனிகா. வயது: பதினேழு. தகப்பனார் பெயர்: அந்தோணி. புதுச்சேரி, முதலியார்பேட்டையில் என் சித்தி லூர்துசெல்வியுடன் குடியிருக்கிறேன். பத்தாம் வகுப்புவரை படித்தேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வராததால் அதற்கு மேல் போகவில்லை. இப்போது கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன்.

ஆயுள் தண்டனைக் கைதியான என் அப்பா பதினைந்து நாள் பரோலில் வீட்டுக்கு வர மனு கொடுத்திருக்கிறார். அதற்கு வீட்டாருக்குச் சம்மதமா என்று விசாரிக்க என்னையும் சித்தியையும் இன்று காலை காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். சித்தி பக்கத்தில் இருக்க நானே இதை எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு வயதாகும்போது என் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். ஐந்து வயதிலிருந்து, அப்பா பிரான்சில் வேலை செய்கிறார் என்று சொல்லித்தான் சித்தி என்னை வளர்த்தார். எங்கள் தெருவில் பல வீடுகளில் யாராவது ஒருவர் பிரான்சில் இருப்பதால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. கிறிஸ்துமஸ் தோறும் அப்பா அனுப்பியதாக ஒரு சாக்லேட் டப்பா வரும். அதன் அடியில் விலைச்சீட்டைக் கிழித்த தடம் இருக்கும். நான் கேட்டதில்லை.

சென்ற ஜூன் மாதம் பக்கத்து வீட்டு கிளாட்வின் அண்ணன், அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்தால் பதினெட்டு வயது முடிவதற்குள் எனக்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னார். நானும் அப்பாவிடம் போய்விடலாம் என்று நினைத்தேன். நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் வாங்கிவந்து, பிரெஞ்சுத் தூதரகத்தில் விசாரிக்கப் போவதாகச் சித்தியிடம் சொன்னேன். சோறு வடித்துக்கொண்டிருந்த சித்தி கஞ்சியைத் தன் காலில் கொட்டிக்கொண்டார். "அவன் பேரை எந்த ஆபீஸ்லயும் போய் சொல்லாதடி" என்றார். காலுக்கு மருந்து போட்டுவிட்டபோதும் மறுபடி அதையே சொன்னார்.

வழக்கு விவரம் கேட்டுக் கடைக்கு வருபவர்களுக்குக் கோர்ட் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிக் கொடுப்பதும் என் வேலைதான். மறுநாள் கூட்டம் இல்லாதபோது அந்தோணி என்று போட்டேன். நிறைய அந்தோணிகள் வந்தார்கள். செக் வழக்கு, வாடகை வழக்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. பிறப்புச் சான்றிதழில் இருந்த முத்தியால்பேட்டை விலாசத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் விலாசம் பொருந்தியது. அது கொலை வழக்கு. வழக்கு நிலை என்ற இடத்தில் முடிக்கப்பட்டது என்று போட்டிருந்ததால், அப்பாவை விட்டுவிட்டார்கள், அதன் பிறகுதான் பிரான்சுக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு, தினமும் ஜெராக்ஸ் எடுக்க வரும் வக்கீல் குமாஸ்தா இராமதாஸ் அண்ணனிடம், யாரோ ஒருவர் கேட்டதாகச் சொல்லி அதைக் காட்டினேன். "முடிஞ்சதுன்னா கேஸ்தாம்மா முடிஞ்சது. படம் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னா ஹீரோ செத்தானா பொழைச்சானான்னு தெரியுமா? தீர்ப்போட கடைசிப் பக்கத்தைப் பாரு" என்று சிரித்தார். கடைசிப் பக்கத்தில் ஆயுள் தண்டனை என்று இருந்தது. அவர் திரையில் இருந்த பெயரையும் என்னையும் பார்த்தார். அதன் பிறகு சிரிக்கவில்லை. எனக்கும் சேர்த்து டீ வாங்கிவரப் போனார்.

அந்தத் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. மதிய வேளைகளில் போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து முழுவதும் படித்தேன். அப்பா முத்தியால்பேட்டையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தார். கடை வாசலில் வண்டிகளை நிறுத்துவது பற்றிப் பக்கத்துக் கடைக்காரர் கன்னியப்பனுடன் தகராறு வந்து, அப்பா இரும்புக் கம்பியால் தலையில் அடித்ததில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். முதலில் அடித்தது கன்னியப்பன்தான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தகராறு தொடங்கியதைப் பார்த்ததாகப் பெரியவர்கள் யாரும் சாட்சி சொல்லவில்லை. சாட்சிகள் வரிசையில் நான்காவதாக என் பெயர் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் மகள், வயது ஐந்து, சம்பவ இடத்தில் இருந்தவள். நீதிபதி கேட்ட கேள்வி எதற்கும் குழந்தை வாய் திறக்காததால் அவளைச் சாட்சியாக விசாரிக்கவில்லை என்று எழுதியிருந்தது.

அந்த இடத்தைப் பலமுறை படித்தேன். அன்று நடந்தது எனக்கு நினைவில் இல்லை. மண்ணெண்ணெயில் கிரீஸ் கழுவிய கையால் அப்பா என்னைத் தூக்கி ஒரு வண்டியின் சீட்டில் உட்காரவைத்ததும், அந்த வாசனையும் நினைவிருக்கிறது. அது அன்றைக்கா வேறு நாளா என்று தெரியாது. யார் முதலில் அடித்தார்கள் என்று இப்போது கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வேன்.

அதன் பிறகு தீர்ப்பைப் பிரதி எடுத்துக்கொண்டுபோய்ச் சித்தியிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "பிரான்ஸ்ல இருக்கான்னா தெருவே மரியாதை குடுக்குது. ஜெயில்ல இருக்கான்னா எவன்டி உன்னைக் கட்டிக்கினு போவான்?" என்றார். முன்பு இரண்டு முறை அப்பா பரோல் கேட்டபோது, பிள்ளை பயப்படுகிறாள் என்று என்னைக் கேட்காமல் எழுதிக் கொடுத்ததையும் அவரே சொன்னார். சித்தி மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. எனக்காக அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இன்று எஸ்.ஐ. மேடம் சம்மதமா என்று கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. சித்தி, "பாருங்க மேடம், பேரைக் கேட்டாலே பயப்படுது" என்றார். மேடம் அதையே எழுதத் தொடங்கினார். நான் அவர் கையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டேன். "பேச மாட்ட, பேனாவை மட்டும் புடுங்குவியா? இந்தா, நீயே எழுது" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் பயப்படவில்லை. அப்பா பரோலில் வருவதற்கு எனக்குச் சம்மதம். எங்கள் வீட்டில் தங்கட்டும். முத்தியால்பேட்டைக்கு மட்டும் போகக் கூடாது. கன்னியப்பனின் மனைவி பார்வதி அங்கேதான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அப்பா எங்கிருந்து வந்தார் என்று தெருவில் கேட்டால், பிரான்சிலிருந்து என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. ஜெயிலிலிருந்து வந்திருக்கிறார் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை யாரும் சொல்லித் தராமல் நானே எழுதிய உண்மைகள். எழுதியதை எஸ்.ஐ. மேடத்துக்கும் சித்திக்கும் கேட்கும்படி நானே வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
அ. வெரோனிகா