நாலாவது குழி

— தொடலைங்க அம்மணி. அப்படியே எழுதிக்கோங்க. எங்க கெணத்துல அவன் எறங்குனது நெசம். வெடியத் தொட்டான்ங்கறது பொய்.

— கமலவேணியம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. செல்லமுத்துவை ஜெயில்ல இருந்து விட்டதே ஒரு நிபந்தனையிலதான். ஆயுசுக்கும் வெடிமருந்தைக் கையால தொடக்கூடாது. நன்னடத்தை அதிகாரி நான், தொட்டார்னு எழுதினா திரும்பவும் உள்ள போயிடுவார். அப்புறம் வெளிய வரவே முடியாது.

— எனக்கே சட்டம் சொல்லித் தர்றீங்களா? அந்த நிபந்தனையக் கேட்டு வாங்குனதே நாந்தானுங்களே.

— அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன். ஜெயில் போர்டு உங்க வார்த்தையத்தான் முதல்ல பாக்கும். ஆனா ஒண்ணு புரியல. உங்க வீட்டுக்காரரைக் கொன்ன ஆளு அவர். தூக்குல போடணும்னு மனு மேல மனு கொடுத்தவங்க நீங்க. இப்ப அவருக்காகப் பேசறீங்க.

— அவனுக்காக யாருங்க பேசுனது? நடந்ததச் சொல்றேன். மொதல்ல மோரைக் குடிங்க. வெயில்ல வண்டியோட்டிக்கிட்டு வந்து மொகமே கருத்துப் போச்சு.

— உங்க கை என்னம்மா, ரெண்டு உள்ளங்கையும் உரிஞ்சு கிடக்கு?

— மாட்டுக் கயிறுங்க. எருமை இழுத்துப் போட்டுருச்சு.

— சரி. முதல்ல இருந்து சொல்லுங்க.

— மொதல்லன்னா எங்கிருந்துங்க? சங்ககிரி ரோட்டுப் பாலத்துக்கு அடியில குண்டு வெச்சாங்களே, அங்கிருந்தா? போலீஸ் வண்டிக்குன்னு அவங்க இயக்கம் வெச்சது. முன்னால போனது எங்கூட்டுக்காரரு லாரி. வெல்லம் ஏத்திக்கிட்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனாரு. நான் போய்ப் பாக்கறப்ப ரோடெல்லாம் வெல்லமாக் கெடக்குது. ஆளக் காட்டுங்கய்யான்னா ஒத்தைச் செருப்பக் காட்டுனாங்க.

— தெரியும்மா. கேஸ் முழுக்கப் படிச்சிருக்கேன்.

— படிச்சாத் தெரியாதுங்க. கோர்ட்டு தூக்குன்னுச்சு. பொறகு ஆயுள்னுச்சு. பொறகு திருந்திட்டான், போகட்டும்னுச்சு. உனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல. கடைசியில ஒரு அய்யா கேட்டாரு. வேறெதுவும் வேண்டாமுங்க, அந்தக் கை மட்டும் இனி வெடியத் தொடக்கூடாதுன்னேன்.

— ஊருக்கு வந்தப்பறம்?

— ஊருக்கு வந்தப்பறம் நாங்க தீர்ப்பு குடுத்தோம். அவனுக்கு டம்ளர் நீட்டுனா எங்க தோட்டத்துப் பாலு வராதுன்னு டீக்கடையில சொல்லி வெச்சேன். பள்ளிபாளையத்துல தறி ஓட்டப் போனான். யாருன்னு தெரிஞ்சதும் நிறுத்திப் போட்டாங்க. அவங்கண்ணன் கூட ஊட்டுக்குள்ள சேத்தல. மாட்டுக் கொட்டாயிலதான் படுக்கறான்.

— மனுசன் மாறுவான்னு எங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுத்தாங்கம்மா. திருட்டுக் கேஸ்னா நானும் நம்பிடுவேன். இவர் எதிர்ல உக்காந்தா, உண்மையச் சொல்றேன், ரூம் கதவைத் திறந்தே வெச்சுக்குவேன். திருந்திட்டார்னு வெளிய விடறோம். தலை சாய்க்க ஒரு வாடகை ரூம் பிடிச்சுத் தர எங்களால முடியல. அப்புறம் எதுக்குத்தான் விட்டோம்?

— அதைத்தானுங்க நானும் கேட்டுக்கிட்டிருந்தேன். முந்தாநாளு வரைக்கும்.

— முந்தாநாள் என்ன ஆச்சு?

— கெணத்த ஆழப்படுத்த ஆளுக வந்திருந்தாங்க. அடிப்பாறையில நாலு குழி போட்டு வெடி வெச்சாங்க. மூணு வெடிச்சுது. நாலாவது கம்முனு இருந்துக்கிச்சு. எண்ணாம உட்டுட்டாங்க. சென்றாயன்னு ஒரு ஆளு, உங்க ஆத்தூர்ப் பக்கந்தான், கல்லு அள்ள எறங்கிட்டான். பாறை சரிஞ்சு அவங் காலு மேல உக்காந்துக்கிச்சு. அப்பத்தான் பாக்கறான், கைக்கு எட்டுற தூரத்துல நாலாவது குழி. உள்ள வெடிமருந்துத் தோட்டா அப்படியே இருக்குது.

— பாறையை நகத்தி ஆளை எடுக்கக் கூடாதா?

— நகத்துனா அந்த அதிர்வுக்கே வெடிச்சாலும் வெடிச்சிருமுங்க. தோட்டாவ மொதல்ல எடுக்கோணும். வெடி வெச்ச மேஸ்திரி துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடிட்டான். போன் போட்டா, வெடி எடுக்கறவங்க சேலத்துல இருந்து வரோணும், அதுவரைக்கும் அல்லாரும் தள்ளி நில்லுங்கன்னாங்க. ஊரே தென்னந்தோப்புக்கு அக்கட்டால போயிருச்சு. கீழ இருந்து அத்தாயி, அத்தாயின்னு சென்றாயன் கூப்பிடறான். அவம் பொண்டாட்டி பேராமா. சத்தம் வரவரக் கொறைஞ்சுக்கிட்டே போவுது.

— நீங்க தோப்புக்குப் போகலையா?

— என்ற கெணறுங்க. நான் எங்க போறது?

— செல்லமுத்து எப்ப வந்தார்?

— திரும்பிப் பாக்கறேன், கெணத்து மேட்டுல நிக்கறான். கோர்ட்டுல தூர இருந்து பாத்ததுதான், அவன அம்புட்டுக் கிட்ட நான் பாத்ததில்ல. கெணத்துக்கு வெடி வெக்கறதுதானுங்களே அவன் மொதத் தொழிலு. இங்க கத்துக்கிட்டுத்தான அங்க பாலத்துக்கு அடியில வெச்சான். "அக்கா, எனக்கு அதை எடுக்கத் தெரியும். ஆனா நான் தொடக்கூடாது. நீங்க சொல்லுங்க"ன்னான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்னத்தச் சொல்றது. நான் வாயே தொறக்கல. அவம்பாட்டுக்கு எறங்கிட்டான்.

— இறங்கி என்ன செஞ்சார்?

— சென்றாயன் தலையத் தடவி, "அண்ணா, கண்ண மூடிக்கங்க, அத்தாயி மேலதான் நிக்கறாங்க"ன்னு மெதுவாச் சொன்னான். பொய்யி. பொறகு பாறையில காத வெச்சான். மூச்சே உடல. குழிக்குள்ள துளித்துளியாத் தண்ணி உட்டு, அடைச்சிருந்த மண்ணக் கரைச்சு, மூங்கக் குச்சியில வழிச்சு வழிச்சு எடுத்தான். முட்டைக்குள்ள சிக்கிக்கிட்ட கோழிக்குஞ்சுக்கு ஓட்டை நாமளே உரிச்சு உடுவமே, அந்தப் பதனமுங்க. மூக்கு நுனியில ஒரு சொட்டு வேர்வை உழுகப் பாத்துச்சு. அதக்கூடத் தோளுல தொடச்சுக்கிட்டான். அந்தக் கைய இத்தன வருசம் நான் கனாவுல பாத்திருக்கறேன். எப்படியெப்படியோ இருக்கும்னு நெனச்சேன். பாத்தா எங்கூட்டுக்காரரு கையாட்டமே இருக்குதுங்க, நகமெல்லாம் தேஞ்சு. எனக்கு அழுகையும் வரல, கோவமும் வரல. கோயில்ல திரை வெலகறப்ப இருப்பமே, அப்படி இருந்துச்சு.

— அம்மா, கிணறு எவ்வளவு ஆழம்?

— அது கெடக்குது, ஒரு நாப்பது அடி.

— நாப்பது அடி மேல இருந்து மூக்கு நுனி வேர்வையும் நகமும் தெரிஞ்சுதா?

— என்ற கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்குதுங்க.

— சரி. தோட்டாவை யார் வெளிய எடுத்தது?

— அது தண்ணியில தானா வந்துருச்சு. அவன் தொடல.

— அம்மா...

— தொடலைங்கறேன். ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க.

— கேட்டுட்டேன். தோப்புக்குப் பின்னாடி இருந்தோம், ஒண்ணும் பாக்கலைன்னுட்டாங்க. சென்றாயனையும் ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். காலு தப்பிச்சுது. நடுவுல மயக்கம் போட்டுட்டாராம், எதுவும் ஞாபகம் இல்லைங்கறார்.

— அப்பறம் உங்ககிட்ட வந்து வத்தி வெச்சது யாருங்க? நாச்சிமுத்துவா? அவனுக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறு. அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு...

— செல்லமுத்துதாம்மா.

— என்னங்க, அவனேவா?

— அன்னைக்குச் சாயங்காலமே ஈரத் துணியோட ஆபீசுக்கு வந்தார். "மேடம், தொட்டுட்டேன். திரும்ப உள்ள அனுப்பிடுங்க"ன்னார். ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க, அதையும் சேத்து எழுதறேன்னேன். வேண்டாம்னுட்டார்.

— கிறுக்கனா அவன்?

— நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்டேன். "இத்தனை வருசம் கழிச்சும் இந்தக் கை ஒண்ணையும் மறக்கலை மேடம். தோட்டா கைக்கு வந்ததும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு. எனக்கே என்னைப் பாத்தா பயமா இருக்கு. அந்த அக்கா தொடக்கூடாதுன்னு சொன்னது சரிதான்"ன்னார். தப்பிக்க வழி தேடறவங்களைத்தான் இந்த வேலையில பாத்திருக்கேன். தன்னையே காவல் காக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன். திருந்தறதுன்னா இதுதானோ என்னவோ.

— வேற என்ன சொன்னான்?

— தனியாத்தான் இறங்கினேன், கிணத்துக்குள்ள சென்றாயனைத் தவிர ஒருத்தரும் இல்லைன்னார். நான் கேக்காமலே அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். இப்ப அவர் தொட்டேன்ங்கறார், நீங்க தொடலைங்கறீங்க. நான் எதை எழுதட்டும்?

— ரெண்டு பேரும் பொய் சொல்லியிருக்கறோம் அம்மணி.

— அவர் என்ன பொய் சொன்னார்?

— அந்த எருமையப் பாருங்க. கெழடு. ஒரு எட்டு வெக்கறதுக்கே யோசிக்கும், அது யாரை இழுக்கும்? என்ற கைய அறுத்தது, நான் கெணத்துல எறங்குன கயிறு. அடியில ஒரே இருட்டுங்க, செல்லு லைட்டுப் புடிக்க ஒரு ஆளு வேணும். தோப்பப் பாத்துக் கூப்புட்டேன், ஒருத்தனும் வரல. எழுதிக்கோங்க. தொட்டான். "தொடுடா"ன்னு சொன்னது நானு. அவன் தோளோட தோளா உக்காந்து லைட்டுப் புடிச்சதும் நானு.