ஊமைப் பிளேட்டு

கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு. அந்தக் குழாயையும் இறுக்கி மூடு... சொட்டுச் சத்தம் கேட்டா எனக்குக் கதை ஓடாது.

இது என் சிநேகிதனோட அத்தைக்கு நடந்தது. ராத்திரி ஒன்றரை மணி. ஈ காக்கா இல்லாத ரோடு. அத்தை தனியா நடந்து போறாங்க, இரும்புப் பட்டறைக்கு. அங்கேதான் அவங்களுக்குக் கிரைண்டர் வேலை. சிடுமூஞ்சின்னு பட்டப்பேரு. நியாயமான பேருதான்.

அதுக்கு ஒரு மாசம் முன்னாடி அதே பட்டறையில அவங்க தம்பி செத்துட்டான். உலையிலேர்ந்து எடுத்த பிளேட்டு. சிவப்பு போயிருந்துச்சு. ஆறவைக்கத் தண்ணி ஊத்தினான். ஓரளவு சூடுன்னா 'உஸ்ஸ்'னு கத்தும். ரொம்பச் சூடுன்னா கத்தாது. அடியில ஆவி மெத்தை மாதிரி நின்னுக்கும், தண்ணி அதுமேல முத்து முத்தா உருண்டு ஓடிடும். சூடு அப்படியே இருக்கும். சத்தமில்லையே, ஆறிடுச்சுன்னு குனிஞ்சான்... அந்த மெத்தை உடைஞ்சு, படார்னு ஆவி வெடிச்சு மூஞ்சில அடிச்சது.

"கவனக்குறைவு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார் மேனேஜர்.

"பிளேட்டுல கோடு கோடாப் பள்ளம் வெட்டிக் காடி போட்டா தண்ணி பிடிச்சு நிக்கும், சீக்கிரம் ஆறும்னு அவன் தலைபாடா அடிச்சுக்கிட்டானே சார்"னு அத்தை கேட்டாங்க. சிரிச்சார். விடிஞ்சா விசாரணைக்கு ஆளுங்க வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி காடி போட்ட பிளேட்டு ஆறிக் காட்டணும். இல்லைன்னா தம்பி பேரு கெட்டது கெட்டதுதான்.

அதுக்குத்தான் அந்த ராத்திரி நடை. கிரைண்டரால பாதி பிளேட்டுக்குக் காடி போட்டாச்சு. கரண்ட் போச்சு.

இருட்டு... கருகின முடி நாத்தம். தோள்மேல ஒரு கை வந்து உக்காந்துச்சு.

வேற யாரா இருந்தாலும் ஓடியிருப்பாங்க. அத்தை நகரலை. "பயமுறுத்துற வேலையெல்லாம் வேணாம்டா தம்பி. பாதி மிச்சமிருக்கு. முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

கை எடுபட்டுச்சு. அப்புறம் கீச்... கீச்... இரும்பைப் பிறாண்டுற சத்தம். விடியுற வரைக்கும்.

கரண்ட் வந்தப்ப பிளேட்டு முழுக்கக் காடி. அத்தை போட்ட பாதியில ஒத்தை ஒத்தைக் கோடு. மீதியில நாலு நாலா... விரல் அகலத்துல.

காலையில ரெண்டு பிளேட்டைக் காய்ச்சித் தண்ணி ஊத்தினாங்க. வழவழன்னு இருந்தது ஊமையாக் கிடந்துச்சு. காடி போட்டது கத்தின கத்துல மேனேஜர் நாலடி பின்னாடி தாவினார். பார்த்துக்கிட்டிருக்கும்போதே ஆறியும் போச்சு.

"இப்பச் சொல்லுங்க சார், கவனக்குறைவுன்னு"ன்னாங்க அத்தை.

அத்தை இன்னும் அங்கேதான் வேலை பார்க்குறாங்க. நல்லாத்தான் இருக்காங்க. ஒண்ணே ஒண்ணு... குளிக்கும்போது அந்தக் கை உக்காந்த தோள்ல தண்ணி ஊத்தினா நனையுறதில்லையாம். முத்து முத்தா உருண்டு ஓடுதாம்...

சத்தமே இல்லாம.