மண்ணாந்தைங்க நீங்க

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விற்றுவிட்டுத் திரும்புகிறார்கள். கணவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது.

“பஸ்ஸுல நாலு பேரு முன்னால லூசுங்கறியே புள்ள,” என்றார் அவர்.

“லூசுன்னது தப்புத்தானுங்க. லூசுன்னா என்னிக்காவது தெளியும். நீங்க மண்ணாந்தை. நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்கப்பன் சொன்னாரு.”

அவர் பையை இழுத்து அணைத்துக்கொண்டார். அந்த அம்மாள் விடவில்லை.

“நம்ம புள்ளையோட மாமியார் ஊட்டுக்கு ரெண்டு கிலோ எடுத்து வெச்சுட்டு மிச்சத்த வித்துருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனா இல்லியா? மூட்டையோட வித்துட்டு, அதே கடையில நம்ம மிளகையே வெலைக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

“பக்கத்துக் கடையில கம்மியாத்தான் சொன்னான். வாயில போட்டுப் பாத்தேன், நம்ம காட்டுக் காரம் இல்ல. சம்மந்தி ஊட்டுக்குப் போயி ஊரான் மிளகக் குடுக்கறதா?”

அந்த அம்மாள் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சண்டை முடிந்தது என்று நினைத்தேன். பையைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

“எடை போடறப்பப் பாத்தீங்களா?”

“கடைக்காரர் கை வேலையா இருந்தாரு. நாந்தான் மூட்டையில இருந்து அள்ளிப் போட்டேன்.”

“அப்பறம் ஏன் கொறையுது?”

“கூடப் போயிருக்குமோன்னு ரெண்டு கை திருப்பிக் கொட்டிட்டேன்.”

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அன்னிக்கே சொன்னாரு,” என்றார் ஜன்னலிடம்.